மாடு எது என்று கேட்கும் ஊர்

பந்தயச் சாலை – 14

காணும் பொங்கலன்று திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையிலான சாலையில் மாடும் குதிரையும் ஓடும். எல்கைப் பந்தயம் என்பது அதன் பெயர். சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று தரம் பிரித்துத்தான் வண்டிகளைப் பூட்டுவார்கள். சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு ஓட விடுவது பந்தயமாகாது என்பது சாலையோரம் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். முடிவு சொல்லும்போது மாட்டுக்காரர் பெயரும் ஊரும் முன்னால் வரும். வண்டியின் மேல் நின்று கயிற்றைப் பிடித்திருந்த சாரதியின் திறமையை யாரும் குறைத்து மதிப்பதில்லை. நல்ல சாரதியைத் தேடி அழைத்து வருகிறார்கள். ஆனால் ஒரு சாரதி தோற்றார் என்றால் கூட்டம் கேட்கும் முதல் கேள்வி, ‘மாடு எது?’ என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த நாம், கார்ப் பந்தயம் என்று வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். ஓட்டுநரின் பெயரையும் அவர் எடுத்த புள்ளிகளையும் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறோம். அப்படி எழுதப்பட்ட தீர்ப்புகளில் மிகத் தவறானது கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைப் பற்றியது. அதைத் திருத்தி எழுதவே இந்த வாரக் கட்டுரை. அதற்குச் சீனத்து ஓட்டுநர் ஒருவரின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏடுகளில் இருப்பது இவ்வளவுதான்: ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியர், 2005, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளில் 46 பந்தயங்கள், மொத்தம் 5 புள்ளிகள். அந்த 5 புள்ளிகளும் ஒரே நாளில், 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் வந்தவை. அன்று மிஷ்லின் டயர் அந்தத் தளத்தின் வேகத்தைத் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்டிருந்த அணிகள் எல்லாம் பந்தயம் தொடங்குமுன் விலகிக்கொண்டன. ஓடியவை ஆறே கார்கள். ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. நரேன் நான்காவதாக வந்தார். ‘ஆறு பேரில் நான்காவது’ என்று இன்றுவரை சொல்கிறார்கள். சொல்வது உண்மை, மறுப்பதற்கில்லை. அதே ஜோர்டான் காரை ஓட்டிய போர்ச்சுகல்காரர் டியாகோ மான்டெய்ரோ அன்று மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டு பெல்ஜியத்தில் இன்னொரு புள்ளியும் எடுத்தார். ஆக, 2005இல் நரேனின் ஆட்டம் குறையே இல்லாதது என்று வாதிட நான் வரவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் இருபத்தைந்தாண்டு உழைப்பை அளக்க முடியாது என்கிறேன்.

நரேன் எங்கிருந்து தொடங்கினார் என்று பாருங்கள். 1977 பொங்கலன்று பிறந்தவர். அப்பா ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ரேலி சாம்பியன். தென்னிந்திய ரேலியை ஏழு முறை வென்றவர். அன்றைய கோயம்புத்தூரில் இன்னொரு மனிதரும் இருந்தார்: எஸ். கரிவரதன். மாருதி 800இன் எஞ்சினை வைத்துச் சிறிய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உள்ளூர்ப் பட்டறையிலேயே கட்டியவர். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். மோட்டார் பம்பும் நூற்பாலை எந்திரமும் வார்ப்பும் கடைசலும் தெரிந்த ஊர் என்பதால்தான் அது அங்கே முடிந்தது. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டு நடந்து வந்த பந்தயங்கள் பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட தளத்துக்கு மாறின. ஒரு நல்ல பட்டறை, ஒரு நல்ல தளம், பந்தயம் தெரிந்த ஒரு தகப்பன்: இந்த மூன்றும் கூடிய இடத்தில்தான் நரேன் உருவானார். ஃபார்முலா மாருதியில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். 1995இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோயம்புத்தூரில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மூன்றும் ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரம் இருங்காட்டுக்கோட்டைதான். அதற்கு மேலே படி இல்லை. நரேன் 1992இல் ஃபிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். பிறகு பிரிட்டனில் சிறு ஃபார்முலா பந்தயங்கள். 1994இல் அங்கே குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1996இல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். மறுபடி பிரிட்டன், 2000இல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் நான்காமிடம். 2001இல் ஜப்பான். அந்த ஆண்டு ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டி, ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்த முதல் இந்தியரானார். அடுத்து நிஸான் உலகத் தொடர். ஒரே ஏணியில் படிப்படியாக ஏறிய பயணம் இல்லை இது. ஏணி கிடைத்த இடத்திலெல்லாம் முதல் படியிலிருந்து ஏறிய பயணம். 2004ஆம் ஆண்டுக்கு மினார்டி அணி இடம் தரத் தயாராக இருந்தும், விளம்பரதாரர் பணம் சேராததால் அது கைநழுவியது. மறு ஆண்டு டாடாவும் பாரத் பெட்ரோலியமும் துணைநிற்க, ஜோர்டானில் இடம் கிடைத்தது. 2005 மார்ச்சில் மெல்போர்னில் முதல் பந்தயம் ஓடும்போது அவருக்கு வயது 28. ஏறியதோ பெரிய அணிகளோடு ஓட முடியாத கார். அதன் பெயரைச் சொல்லாமல் ஓட்டுநரின் புள்ளியை மட்டும் சொல்வது, சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு பூட்டிவிட்டுச் சாரதியைக் குறை சொல்வதற்குச் சமம்.

இப்போது சீனத்துக்கு வருவோம். ஷாங்காயில் ஃபார்முலா ஒன் தளம் 2004இல் திறந்தது. அந்த முதல் பந்தயத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஐந்து வயதுச் சிறுவன்தான் சோ குவான்யூ. சுமார் 12 வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போனார். சீனத்தில் தொடங்கிய கார்ட் ஓட்டத்தை அங்கே தொடர்ந்தார். பதின்வயதிலேயே ஃபெராரியின் இளையோர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். 2019இல் ரெனோவின் திட்டத்துக்கு மாறினார். ஃபார்முலா டூவில் மூன்று ஆண்டுகள் ஓட்டி, மூன்றாவது ஆண்டில் மூன்றாமிடம் பெற்றார். 2022இல், 22 வயதில், ஆல்ஃபா ரோமியோ அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் சீனரானார். பஹ்ரைனில் முதல் பந்தயத்திலேயே பத்தாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார். மூன்று ஆண்டுகளில் 16 புள்ளிகள். பக்கத்தில் நரேனின் 5. மேலோட்டமாகப் பார்ப்பவர், சீனர் மூன்று மடங்கு மேலானவர் என்பார்.

அந்த மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2005இல் முதல் எட்டு இடங்களுக்குத்தான் புள்ளி. எட்டாமிடத்துக்கு ஒன்று, நான்காமிடத்துக்கு ஐந்து. 2010இலிருந்து முதல் பத்து இடங்களுக்குப் புள்ளி. எட்டாமிடத்துக்கு நான்கு, நான்காமிடத்துக்குப் பன்னிரண்டு. சோவின் சிறந்த முடிவுகள் 2022இல் கனடாவிலும் 2024இல் கத்தாரிலும் பெற்ற எட்டாமிடங்கள். மற்றவை ஒன்பதும் பத்தும். 2005இன் விதியில் அவருடைய மூன்றாண்டுக் கணக்கு 2 புள்ளிகளாகச் சுருங்கும். இதைச் சொல்வது சோவைத் தாழ்த்துவதற்காக அல்ல. அவரும் பின்வரிசைக் காரில் போராடியவர். 2024இல் அவருடைய அணி பட்டியலில் கடைசி அணி. 2022இல் சில்வர்ஸ்டோனில் அவர் கார் தலைகீழாகக் கவிழ்ந்து சறுக்கி, டயர்த் தடுப்பைத் தாண்டி வேலியில் மோதி விழுந்தது. தலைக்கு மேலிருந்த ஹேலோ வளையம் உயிரைக் காத்தது. அடுத்த பந்தயத்திலேயே திரும்பி வந்தார். புள்ளி என்பது ஓட்டுநரின் எடையைக் காட்டும் தராசு அல்ல என்பதற்கு இந்த இருவரும் சாட்சி. இருவருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: ஒருவர் 22 வயதில் வந்து சேர்ந்தார், மற்றவர் 28இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளைத் தின்றது ஏணி இல்லாமை.

‘அப்படியானால் சமமான வண்டி கொடுத்துப் பார்த்தார்களா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடுத்துப் பார்த்தார்கள். ஏ1 கிராண்ட் ப்ரீ என்று நாடுகளுக்கிடையே ஒரு தொடர் நடந்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டகம், ஒரே எஞ்சின். எல்கைப் பந்தயத்தின் மொழியில் சொன்னால் எல்லாமே ஒரே தரத்து மாடு. அதில் 2007 டிசம்பரில் இந்தியாவுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் நரேன். வென்ற இடம் சீனத்தின் ஜூஹாய். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபுஜி தளத்தில் ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் கார்கள் ஒன்றுகூடி ஓடிய பந்தயத்திலும் வென்றார். அப்போது வயது 42. சமமான வண்டியில் வெல்பவர் சமமில்லாத வண்டியில் தோற்றால், குறை எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சமமில்லாத வண்டியின் உச்சம் எச்ஆர்டி. ஸ்பெயின் அணி, 2010 முதல் 2012 வரை மூன்று ஆண்டுகள் ஓடி ஒரு புள்ளிகூட எடுக்காத அணி. தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் மிக வேகமான நேரத்தின் 107 விழுக்காட்டுக்குள் வராதவர் பந்தயத்தில் ஓட முடியாது என்பது விதி. 2012இன் முதல் பந்தயத்தில் அந்த அணியின் இரு கார்களுமே அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஒருவர் நரேன், மற்றவர் நெடுநாள் அனுபவம் உள்ள ஸ்பானியர் பெட்ரோ டி லா ரோசா. இருவரும் சேர்ந்து தோற்றால் வண்டியைத்தானே கேட்க வேண்டும்? அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மோன்ஸாவில், வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்துக்கு நரேனின் காரில் வேறொருவரை உட்கார வைத்தார்கள். அவர் மா சிங்ஹுவா. ஃபார்முலா ஒன் பந்தய வாரத்தில் கார் ஓட்டிய முதல் சீனர். ஒரே இருக்கை, ஒரே பலவீனமான வண்டி. அதில் ஏற ஆசியாவின் இரண்டு பெரிய நாடுகள் வரிசையில் நின்றன. அந்தக் காட்சியில் எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே தெரிகின்றன.

பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு இது, திறமையுள்ளவன் எப்படியும் வருவான், ஷூமாக்கர் வரவில்லையா, ஹாமில்டன் வரவில்லையா என்று ஒரு வாதம் உண்டு. நரேன் வசதியான குடும்பத்தவர் என்பது சரி. அந்த வசதியே 2004இல் போதவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷூமாக்கரின் தகப்பன் கெர்பனில் கார்ட் தளத்தைப் பார்த்துக்கொண்டவர். பிள்ளை தளத்திலேயே வளர்ந்தான். ஹாமில்டனை மெக்லாரன் அணி 13 வயதிலேயே எடுத்துச் செலவை ஏற்றது. அவர்களுடைய திறமைக்குத் தண்ணீர் பக்கத்திலேயே ஓடியது. தரங்கம்பாடிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்கு நீர் வந்து சேரும் நாள் வேறு. நீர் பிந்திய ஆண்டில் கடைமடையில் விளைச்சல் குறைந்தால் விதை நெல்லைக் குறை சொல்லும் விவசாயி கிடையாது. வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

நாம் வாய்க்காலை விட்டுவிட்டு மதகைக் கட்டினோம். டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் 2011இல் பெரிய தளம் திறந்தது. அந்த முதல் இந்தியப் பந்தயத்தில் நரேன் எச்ஆர்டி காரில் 17ஆவதாக வந்து, அதே அணியின் டேனியல் ரிக்கார்டோவை முந்தி முடித்தார். பின்னாளில் எட்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களை வென்ற ரிக்கார்டோதான் அவர். மூன்றே ஆண்டுகள், 2013உடன் அந்தப் பந்தயம் நின்றது. கேளிக்கை வரியும் அதற்கு ஒரு காரணம். நரேன் முதலில் ஓட்டிய ஜோர்டான் அணி கைமாறிக் கைமாறி, 2008இல் ஃபோர்ஸ் இந்தியா என்ற பெயர் பெற்றது. பெயரில் இந்தியா இருந்த பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ஒரு இந்தியரைக்கூட அது பந்தயத்தில் ஓட்டவிடவில்லை. சீனத்திலும் தளம் வந்து 18 ஆண்டுகள் கழித்துத்தான் ஓட்டுநர் வந்தார். அவரும் ஷெஃபீல்டுக்குப் போய்த் தேறியவர். பெரிய தளம் ஓட்டுநரை உண்டாக்காது என்பதை இரு நாடுகளும் பெரும் செலவில் கற்றுக்கொண்டிருக்கின்றன. உண்டாக்குவது பத்து வயதுப் பிள்ளை சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய கார்ட் தளமும், அவன் வண்டியைக் கழற்றிப் பூட்டக் கற்றுத் தரும் பட்டறையும்தான்.

நெல் வயலும் மீன்பிடி வலையும் உள்ள கரையோர ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தமிழ்நாடு கார்களையும் டயர்களையும் உதிரி பாகங்களையும் உலகத்துக்குச் செய்து தரும் மாநிலம். பந்தயம் அந்தத் தொழிலின் சோதனைச்சாலை. டெல்டாவின் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சோதனைச்சாலையில் நாற்காலி இல்லை என்று யாரும் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. ஓட்டுநர் ஒருவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பொறியாளர்களும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள்.

2012 நவம்பர் 25 அன்று பிரேசிலின் இன்டர்லாகோஸில் நரேன் தம் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஓடி முடித்தார். எச்ஆர்டி அணிக்கும் அதுவே கடைசி. அன்று முதல் இதுவரை எந்த இந்தியரும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கவில்லை.