திரும்பப் பெற இயலாத கொடை: தற்கற்றலும் கட்டற்ற இணையத் தளங்களும்

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயைக் கடந்து செல்கிறது. நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை ஓர் ஊரின் வழியே செல்வதனால் மட்டும் அவ்வூருக்குக் கல்வி வந்து சேர்ந்துவிடுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்திலோ அது 68.5 விழுக்காடு. அன்றிருந்த மாவட்டங்கள் யாவற்றிலும் இதுவே மிகக் குறைந்த அளவாகும். இணையத்தையும் நெடுஞ்சாலைக்கு ஒப்பிடுவது வழக்கம். அச்சாலை தொப்பூர் போன்ற ஊர்களைக் கடந்து மட்டும் செல்கிறதா, அங்குள்ளோர்க்கும் பயன்படுகிறதா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

மேற்படிப்பைத் தொடர இயலாமல் பணிக்குச் சென்றுவிட்ட ஓர் இளைஞர், மாலை வேளைகளில் கணினிக் கல்வியைத் தாமாகவே கற்க விரும்புகிறார் எனக் கொள்வோம். குடும்பப் பொறுப்பின் காரணமாக வெளியூர்க் கல்லூரிக்குச் செல்ல இயலாத ஒரு பெண்ணின் நிலையும் இதுவே. இவர்களுக்கு மூன்று தேவைகள் உள்ளன. பாடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். இணைய இணைப்பு அறுந்தாலும் கற்றல் தடைபடாதிருத்தல் வேண்டும். இன்று கட்டணமின்றிக் கிடைப்பது நாளையும் அவ்வாறே கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். முதல் இரண்டும் தொழில்நுட்பம் சார்ந்தவை. மூன்றாவது உரிமம் சார்ந்தது. பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இந்த மூன்றாவதைத்தான்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஒரு நிறுவனம் தன் பாடங்களை இன்று இலவசமாக வழங்கலாம். நாளை அவற்றுக்கு விலை வைக்கலாம். மறுநாள் தளத்தையே மூடிவிடலாம். பயன்படுத்துவோர்க்கு அதில் எவ்வுரிமையும் இல்லை. கட்டற்ற மென்பொருளின் நிலை வேறு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய இவ்வியக்கம் நான்கு உரிமைகளை வலியுறுத்துகிறது. மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் மூல நிரலை ஆய்ந்து மாற்றுதல், படிகளைப் பிறர்க்கு வழங்குதல், தாம் திருத்திய வடிவத்தையும் பிறர்க்கு வழங்குதல் என்பன அவை. 1989இல் வெளிவந்த ஜிபிஎல் என்னும் பொது உரிமம், திருத்திய வடிவத்தைப் பிறர்க்கு வழங்குவோர் அதே உரிமைகளையும் உடன் வழங்க வேண்டும் என்ற நிபந்தனையை இவற்றோடு சேர்த்தது.

வக்ஃபு என்னும் அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்நிபந்தனை புதுமையாகத் தோன்றாது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அறக்கொடையாக்கியபோது, அதனை விற்கலாகாது, அன்பளிப்பாக வழங்கலாகாது, வாரிசுரிமையாகப் பங்கிடலாகாது என்பதே விதியாயிற்று. கொடுத்தவரே திரும்பப் பெற இயலாமையே அக்கொடையின் வலிமை. கட்டற்ற உரிமத்தோடு வெளியிடப்பட்ட நிரலும் ஏறத்தாழ இத்தகையதே. ஆக்கியவர் தம் அடுத்த பதிப்பை வேறு உரிமத்தில் வெளியிடலாம். ஏற்கெனவே மக்கள் கைக்கு வந்துவிட்ட பதிப்பின் உரிமைகளை மீட்டுக்கொள்ள இயலாது. ஒரு வேறுபாடும் உண்டு. வக்ஃபு செய்யப்பட்ட ஒரு நூலை ஒரு நேரத்தில் ஒருவரே படிக்கக்கூடும். நிரலோ எத்தனை பேர் எடுத்துக்கொண்டாலும் குறைவதில்லை.

தொலைவில் கற்றவர் கட்டிய தளம்

இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் பயன்படுத்தும் 'மூடுல்' என்னும் கற்றல் தளம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இதனை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பள்ளிகளுக்கு எட்டாத் தொலைவில் வளர்ந்தவர். சிற்றலை வானொலி வழியே பாடம் கேட்டவர். பின்னர் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, விலைக்கு விற்கப்பட்ட கற்றல் மென்பொருள்களில் நிறைவு காணாது தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் முதற்பதிப்பு 2002இல் பொது உரிமத்தோடு வெளிவந்தது. மாணவர் ஒருவரோடொருவர் உரையாடிக் கற்பதற்கும் அவர் தம் தளத்தில் இடமளித்தார். தனியே கற்பவர்க்கும் துணை தேவை என்பதைத் தம் இளமைப் பட்டறிவால் அவர் உணர்ந்திருத்தல் கூடும்.

மும்பையிலிருந்து வந்த தமிழ்ப் பாடம்

தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. கருவி கைக்கு வந்தபோதிலும், அதனைக் கொண்டு எதைக் கற்பது, எவ்வாறு கற்பது என்று சொல்லித் தருவோர் எல்லா ஊர்களிலும் இருந்தனர் என்று கூற இயலாது.

இக்குறையை நோக்கியதே மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பவழிக் கல்வி இயக்கத்தின் நிதியுதவியோடு இது உருவானது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான், சைலேப் முதலியவற்றைச் சுமார் பத்து நிமிடக் காணொளிப் பாடங்களாக இது கற்பிக்கிறது. கற்பவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் திறந்துவைத்து, பாடத்தை இடையிடையே நிறுத்தி, தாமும் செய்து பார்க்க வேண்டும்.

இதன் அமைப்பில் இரண்டு கூறுகள் நுணுகி நோக்கத்தக்கவை. ஒன்று மொழி. பாடத்தின் ஒலி தமிழ் முதலான இந்திய மொழிகளுக்கு மாற்றப்படுகிறது. திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும். விளக்கம் தாய்மொழியில் கிடைப்பதால் புரிகிறது. பணியிடத்தில் எதிர்ப்படும் ஆங்கிலச் சொற்களும் பழகிவிடுகின்றன. மற்றொன்று, பாடத்தின் எழுத்து வடிவம் ஒலிப்பதிவுக்கு முன்பே, அத்துறை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கப்படுகிறது. அவர் எங்கேனும் தடைப்பட்டால் பாடம் திருத்தப்படும். வகுப்பறையில் மாணவரின் முகக்குறிப்பைக் கண்டு ஆசிரியர் மீண்டும் விளக்குவார். தற்கற்றலில் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே ஆசிரியர் ஆற்ற வேண்டிய அப்பணியைப் பாடத்துக்குள்ளேயே முன்கூட்டி வைக்க வேண்டியுள்ளது.

இப்பாடங்களைப் பதிவிறக்கி இணையமின்றியும் பயிலலாம். இவ்வகையில் மேலும் முன்சென்றது, அமெரிக்காவின் 'லேர்னிங் ஈக்வாலிட்டி' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிய 'கொலிப்ரி' தளம். ஒரு பழைய கணினியில் இதனை நிறுவிப் பாடங்களை ஒருமுறை ஏற்றிவிட்டால், அருகிலுள்ள கைப்பேசிகளும் கணினிகளும் இணைய இணைப்பின்றியே அவற்றைப் பெற முடியும். தொப்பூர் போன்ற மலையடிவார ஊர்களுக்கு இது பொருந்தும் வழியாகும்.

விற்கப்பட்ட தளமும் விற்கப்படாத நிரலும்

உரிமத்தின் முதன்மையை உணர்த்தும் நிகழ்வு ஒன்று அண்மையில் நடந்தது. 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடியும் இணைந்து 'எட்எக்ஸ்' என்னும் இலாப நோக்கற்ற கற்றல் தளத்தைத் தொடங்கின. 2013இல் அதன் மூல நிரல் கட்டற்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டது. பிரான்சு நாட்டின் தேசிய இணையவழிக் கல்வித் திட்டமும் மும்பை ஐஐடியும் அந்நிரலைக் கொண்டு தத்தம் தளங்களை அமைத்தன. 2021இல் எட்எக்ஸ் தளம் 80 கோடி டாலருக்கு 'டூ-யூ' என்னும் வணிக நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 2024இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

தளம் கைமாறியபோதும் நிரல் விற்பனைப் பொருளாகவில்லை. அது இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. அதனைப் பெற்றுத் தம் தளங்களை அமைத்திருந்தோர் எவரும் புதிய உரிமையாளரின் அனுமதியை வேண்டி நிற்கவில்லை. தளத்தை மட்டும் நம்பியிருப்பவர் வாடகைதாரர். நிரலைப் பெற்றவர் அவ்வாறல்லர்.

முத்தவல்லியின் பணி

எனினும் உரிமம் மட்டும் போதாது. ஹார்வர்டு, எம்ஐடி ஆகியவற்றின் எட்எக்ஸ் பாடங்களை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, பதிவு செய்தோரில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே பாடத்தை முடித்ததாகக் கூறுகிறது. கதவைத் திறந்து வைத்தல் ஒன்று. உள்ளே வந்தவர் இறுதிவரை செல்லத் துணை நிற்றல் மற்றொன்று. ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தார் கல்லூரிகளில் பயிலரங்குகளை நடத்தியதும் இதனாலேயே. அங்கே துறை வல்லுநர் தேவையில்லை. மாணவரை ஒன்றுகூட்டி நேரம் ஒதுக்கித் தர ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தால் போதும்.

பராமரிப்பும் இத்தகையதே. மென்பொருளின் பதிப்புகள் மாறும். பழைய பாடங்கள் பொருந்தாமற் போகும். பாதுகாப்புக் குறைகள் வெளிப்படும். முத்தவல்லி இல்லாத வக்ஃபு நிலம் பாழாவதைப் போன்றே, பேணுவோர் இல்லாத நிரலும் பயனற்றுப் போகும். கட்டற்ற தளம் ஒன்றைத் தொடங்க விழைவோர், அதனை உருவாக்கும் செலவைவிடப் பேணும் செலவையே முதலில் கணக்கிடல் வேண்டும்.

நம் சமுதாயத்தின் கல்வி அறக்கட்டளைகள் புதிய தளத்தை முற்றிலும் தாமே எழுத வேண்டிய தேவை இன்று இல்லை. நிரல்கள் உள்ளன, தமிழ்ப் பாடங்களும் ஓரளவு உள்ளன. ஓர் ஊரின் நூலகத்திலோ ஜமாஅத் அலுவலகத்திலோ பழைய கணினி ஒன்றில் அவற்றை நிறுவலாம். வாரத்தில் இரு மாலைகள் அவ்விடத்தைத் திறந்து வைக்க ஒருவரை அமர்த்தலாம். எப்பாடத்தில் கற்போர் தடைப்படுகின்றனர் என்பதைக் குறித்து வைத்து, அதனைத் திருத்தி, திருத்திய வடிவத்தை அதே உரிமத்தோடு பிறர்க்கும் வழங்கலாம். அவ்வாறு ஓர் ஊரில் திருத்தப்பட்ட பாடம், தடையின்றி அடுத்த ஊருக்கும் செல்லும்.