பெல்ட்டின் முதுகில் ஓர் எண்

அது ஒரு சிறிய மரப்பட்டறை. அங்கே அலமாரிக் கதவு ஒன்று தயாராகி வந்தது. அது பிளைவுட் கதவு. அதன் மேலே மெல்லிய தேக்கு ஏடு இருந்தது. தச்சர் பெல்ட் மெஷினை எடுத்துக் கதவைத் தேய்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேக்கு ஏடு தேய்ந்துபோய் அடிமரம் தெரிந்தது. கதவு வீணாயிற்று. அன்றைய கூலியும் போயிற்று.

குற்றம் மெஷினில் இல்லை. மாட்டியிருந்த பெல்ட் தவறானது. அதன் முதுகில் 40 என்று அச்சிட்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

எண் என்ன சொல்கிறது?

உப்புத்தாளை நாம் அறிவோம். பெல்ட்டும் அதுபோலத்தான். துணியின் மேல் கூர்மையான பொடி ஒட்டியிருக்கும். பொடியைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். சல்லடையில் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள்? அதை வைத்தே இந்த எண் வந்தது. கண்கள் குறைவு என்றால் ஓட்டை பெரிது. பெரிய பொடி விழும். கண்கள் அதிகம் என்றால் ஓட்டை சிறிது. நைசான பொடிதான் விழும். வீட்டில் ரவையும் மாவும் சலிப்பது போலத்தான்.

எனவே, எண் சிறிது என்றால் பொடி பெரிது. எண் பெரிது என்றால் பொடி நைசு.

எந்த வேலைக்கு எது?

40: பழைய பெயின்ட்டை எடுக்கலாம். மேடுபள்ளப் பலகையைச் சமமாக்கலாம். இது மரத்தை வேகமாகத் தின்னும்.

60, 80: ரம்பத் தடத்தைப் போக்கும்.

120: மரத்தை வழவழப்பாக்கும்.

புதிதாகப் பட்டறை வைப்பவருக்கு 60, 80, 120 ஆகிய மூன்றும் போதும்.

படிப்படியாகவே போக வேண்டும். 60 முடிந்ததும் 120-க்குத் தாவக்கூடாது. 60 போட்ட கீறல்கள் அடியில் தங்கிவிடும். வெறும் மரத்தில் அவை தெரியாது. வார்னிஷ் பூசியதும் பளிச்சென்று தெரியும். பிறகு வார்னிஷைச் சுரண்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியாக 180 உப்புத்தாளைக் கையால் தேய்க்க வேண்டும். மர ரேகை ஓடும் பக்கமே தேய்க்க வேண்டும். தேக்கு ஏடு உள்ள பிளைவுட்டுக்கு இந்தக் கைவேலை மட்டுமே போதும்.

கவனம் தேவை

பெல்ட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால், அதுவும் மெஷினில் உள்ள அம்புக்குறியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். மெஷினை அழுத்தக்கூடாது. ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. பள்ளம் விழும். மரம் கருகினால் பெல்ட் மழுங்கிவிட்டது என்று பொருள். அதை மாற்ற வேண்டும். மரத்தூள் சேர்ந்த மெஷினில் இரும்பைத் தேய்க்கக்கூடாது. பொறி பட்டுத் தூள் தீப்பிடிக்கும்.

தூசியும் சாதாரணமானதல்ல. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் அறிவித்தது. இது மூக்கின் உட்பகுதியைத் தாக்கும். தூசிப்பையை மாட்ட வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். தூசியைத் தடுக்கும் நல்ல முகமூடி அணிய வேண்டும். கண்ணாடியும் போட வேண்டும்.

இப்போது அந்தப் பட்டறைச் சுவரில் மூன்று ஆணிகள் இருக்கின்றன. ஆணிகளுக்கு மேலே தச்சர் சாக்கட்டியால் 60, 80, 120 என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பெல்ட்டும் அதனதன் இடத்தில் தொங்குகிறது. எண்ணைப் படித்த பிறகே அவர் கை பெல்ட்டைத் தொடுகிறது.