ராயல்டி வாங்கும் கை விலையைத் தட்டிக் கேட்குமா?

தினம் நான்கு கேப்ஸ்யூல். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு டாக்டர்கள் எழுதித் தரும் என்சாலுடமைடின் அளவு இதுதான். அமெரிக்காவில் இது 'எக்ஸ்டாண்டி' என்ற பெயரில் விற்கிறது. அங்கே பட்டியல் விலை வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் கேப்ஸ்யூல் ஒன்று நூறு டாலரைத் தாண்டுகிறது. விற்கும் கம்பெனிகளில் ஒன்றான அஸ்டெல்லாஸ் ஜப்பானைச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரான ஜப்பானில் இதே மருந்துக்கு அதில் பாதி விலைகூட இல்லை.

மூலக்கூறு பிறந்தது கம்பெனியில் அல்ல, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். சார்லஸ் சாயர்ஸ், மைக்கேல் ஜங் ஆகியோரின் குழு கண்டுபிடித்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமும் ராணுவமும் ஆராய்ச்சிக்குப் பணம் தந்தன. ஆக, மக்கள் வரிப்பணம்.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள 1980-ம் வருட பாய்-டோல் சட்டம் வழிவிட்டது. பதிலுக்கு அரசு ஒரு பிடியைத் தன் கையில் வைத்துக்கொண்டது: பொருள் நியாயமான முறையில் மக்களுக்குக் கிடைக்காவிட்டால், வேறு தயாரிப்பாளருக்கும் உரிமம் கொடுக்கலாம். இன்றுவரை ஒருமுறைகூட அரசு அதைப் பயன்படுத்தியதில்லை. சட்டத்துக்குப் பெயர் கொடுத்த இரு செனட்டர்களுமே, விலைக்குக் கடிவாளம் போட அதை எழுதவில்லை என்று 2002-ல் சொல்லிவிட்டார்கள். எக்ஸ்டாண்டிக்காகக் கொடுத்த மனுக்கள் 2016-லும் 2023-லும் தள்ளுபடி ஆயின. மருந்து தாராளமாகக் கிடைக்கிறதாம்! கடையில் இருப்பதும் நோயாளியால் வாங்க முடிவதும் ஒன்றா?

மருத்துவச் சோதனைகளுக்குக் கம்பெனிகள் பெரும்பணம் போட்டது உண்மை. அதற்கு லாபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் சந்தேகமெல்லாம் பல்கலைக்கழகத்தின் மேல்தான். 2016-ல் அதுவும் அதன் பங்காளிகளும் எக்ஸ்டாண்டி ராயல்டியைச் சுமார் 114 கோடி டாலருக்கு விற்றார்கள். அதே வருடம் நவம்பரில் இந்தியக் காப்புரிமை அலுவலகம், புதுமை போதாது என்று இந்த மருந்துக்கான பல்கலைக்கழகத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது. பல்கலைக்கழகம் விடவில்லை, டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது. பொதுப்பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனம், இன்னொரு நாட்டு நோயாளிக்கு மலிவு விலை ஜெனரிக் கிடைக்காதபடி வழக்காடியது.

நம் கதையும் ரொம்ப வித்தியாசமில்லை. கோவிட் தடுப்பூசியான கோவாக்சினுக்கு வைரஸைப் பிரித்துக் கொடுத்தது புனேயில் உள்ள அரசு ஆய்வகம். விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி, அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கு (ஐ.சி.எம்.ஆர்). 2021 ஏப்ரலில் தடுப்பூசியைத் தயாரித்த பாரத் பயோடெக் அறிவித்த விலை, தனியார் மருத்துவமனைக்கு 1,200 ரூபாய். மத்திய அரசு வாங்கியதோ 150-க்கு. உத்தேசக் கணக்கில் ஐ.சி.எம்.ஆருக்கு முதலாவதில் டோஸுக்கு 60 ரூபாய், இரண்டாவதில் ஏழரை. விலை ஏறினால் தானும் லாபம் பார்க்கும் அமைப்பு, விலையைக் குறை என்று எந்த முகத்தோடு கேட்கும்?

கண்டுபிடிப்பைக் கைமாற்றும் அன்றே ஒப்பந்தத்தில் விலை வரம்பை எழுதிவிடுவதுதான் வழி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமே 1989-ல் தன் ஒப்பந்தங்களில் நியாய விலை ஷரத்தைச் சேர்த்தது. கம்பெனிகள் கூட்டுக்கு வரத் தயங்குகின்றன என்று 1995-ல் அதை எடுத்துவிட்டது.