வெனீர் ஒட்டிய தொலைக்காட்சி அலமாரி

வெனீர் ஒட்டிய தொலைக்காட்சி அலமாரி என்பது, பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையால் கூடு அமைத்து, கண்ணில் படும் பரப்புகளின்மேல் தேக்கு போன்ற மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டிச் செய்யப்படும் அறைகலன் ஆகும். தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, ஒலிபெருக்கி முதலியவற்றை ஒரே இடத்தில் வைக்க இது பயன்படுகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் உள்ளிட்ட சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில், மகளின் புதுக்குடித்தனத்துக்காகவோ வயதான பெற்றோருக்காகவோ, ஆசாரியை வீட்டுக்கு அழைத்து அளவெடுத்து இதைச் செய்யும் வழக்கம் உண்டு. மழையும் ஈரக்காற்றும் மிகுந்த இப்பகுதியில் அலமாரியின் ஆயுளை வெனீரின் அழகைவிட, அதன் அடியிலும் பின்னாலும் இருப்பவையே தீர்மானிக்கின்றன.

வெனீர்

மரத்தைக் கத்தியால் சீவியோ, உருட்டி உரித்தோ எடுக்கும் மெல்லிய தகடே வெனீர். அறைகலன்களுக்கான தகடு ஏறத்தாழ அரை மி.மீ. தடிமன் கொண்டது. ஓர் அங்குலப் பலகைக்குரிய மரத்திலிருந்து, கணக்குப்படி, இவ்வாறு சுமார் 50 தகடுகள் சீவலாம். விலையுயர்ந்த தேக்கும் அரிதாகிவிட்ட தோதகத்தியும் சிக்கனமாகப் பயன்படுவதற்கு இதுவே காரணம். பண்டைய எகிப்தியரும் அரிய மரங்களை இவ்வாறு மெல்லிய தகடாக ஒட்டிப் பயன்படுத்தினர். கடைகளில் வெனீர் பெரும்பாலும் சுமார் 4 மி.மீ. ஒட்டுப்பலகையில் ஏற்கெனவே ஒட்டப்பட்டு, 8 அடிக்கு 4 அடி அளவில் கிடைக்கிறது. இதைத் தச்சர்கள் 'தேக்கு பிளை' என்பர்.

வடிவம் மாறிய விதம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத் தொலைக்காட்சிகள் பல, இழுத்து மூடும் கதவுள்ள மரப்பெட்டியுடனேயே வந்தன. பின்னர் வந்த 29 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி சுமார் 40 கிலோ எடையும் இரண்டடிக்கு நெருங்கிய ஆழமும் கொண்டது. ஆகவே அலமாரிகளும் ஆழமாகவும் கனமாகவும் செய்யப்பட்டன. தட்டைத் திரை வந்தபின் எடையும் ஆழமும் குறைந்தன. இன்று 16 அங்குல ஆழமுள்ள தாழ்வான அலமாரியே போதுமானது.

ஈரமும் வளைவும்

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இம்மாற்றம் ரேகையின் போக்கில் மிகக் குறைவு. ரேகைக்குக் குறுக்கே அதிகம். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கப்படுவதால் அது பெரிதும் அசையாது. ஆனால் அதன் ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டி மெருகிட்டு, மறுபக்கத்தை வெறுமனே விட்டால், இரு பக்கங்களும் ஈரத்தை வெவ்வேறு அளவில் ஏற்கும். பலகை வில்போல் வளையும். கதவு சரியாக மூடாது.

வெளிப்பக்கம் வெனீர் ஒட்டினால் உட்பக்கம் சாதாரண வெனீரோ 'லைனர்' எனப்படும் மெல்லிய மைகாவோ ஒட்டுவது இதற்குத் தீர்வாகும். சுவரைப் பார்த்த பின்பலகைக்குக் குறைந்தது இரண்டு கை சீலராவது பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று இச்செலவைத் தவிர்த்த அலமாரிகளே முதலில் கெடுகின்றன.

பலகைத் தேர்வு

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகைக்கும், ஐ.எஸ். 710 மரைன் ஒட்டுப்பலகைக்கும், ஐ.எஸ். 1328 அலங்கார வெனீர் ஒட்டுப்பலகைக்கும் உரிய தரங்கள். ஐ.எஸ். 303-இல் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என இரு வகைகள் உண்டு. எம்.ஆர். பலகையின் பசை ஈரக்காற்றைத் தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. தரைத்தள வீடுகளுக்கு பி.டபிள்யூ.ஆர். அல்லது மரைன் வகையே ஏற்றது. நடு இழைப்பலகையான எம்.டி.எஃப். வழவழப்பானது என்றாலும், நீர் பட்டால் உப்பிப் பழைய நிலைக்குத் திரும்பாது. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் தர எண்ணும் அச்சாகியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அறுப்பதற்குச் சில நாள் முன்னதாகவே பலகையை வீட்டுக்குள் அடுக்கி வைத்தால் அது அந்த அறையின் ஈரநிலைக்குப் பழகிக்கொள்ளும்.

பயன்படுத்துவோருக்கேற்ற அளவு

திரையின் நடுப்பகுதி, பார்ப்பவரின் கண் மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து சுமார் 40 அங்குலம்; பாயில் அமர்பவருக்குச் சுமார் 30 அங்குலம். 4 அங்குலக் கால், 18 அங்குலக் கூடு, 3 அங்குலத் தாங்கி என வைத்தால், 21 அங்குல உயரமுள்ள 43 அங்குலத் திரையின் நடு, 36 அங்குலத்துக்குச் சற்றுக் கீழே அமையும். இரு சாராருக்கும் இது பொருந்தும்.

முதியவர்களுக்கான அலமாரியில் அடிக்கடி எடுக்கும் பொருள்களை மேல்தட்டில் வைப்பதும், விரல் நுழையும் அகலமான கைப்பிடி பொருத்துவதும் நல்லது. வாடகை வீட்டில் இருப்பவருக்கானால், மாடிப்படித் திருப்பத்தில் ஏற்றக்கூடிய இரு பகுதிகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கலாம்.

பலகைக் கணக்கு

6 அடி நீளம், 18 அங்குல உயரம், 16 அங்குல ஆழமுள்ள கூட்டை எடுத்துக்கொள்வோம். மேல்பலகை 8, அடிப்பலகை 8, இரு பக்கங்கள் 4, இரு தடுப்புகள் 4, கதவுகள் 9 என மொத்தம் 33 சதுர அடி ஆகிறது. ஒரு முழுப்பலகை 32 சதுர அடியே. ஆகவே 18 மி.மீ. பலகை இரண்டு தேவை. மீதி உள்தட்டுகளுக்கு ஆகும். பின்பலகைக்கு 6 மி.மீ. பலகை 9 சதுர அடி வேண்டும்.

வெளியே தெரியும் பரப்பு 21 சதுர அடிதான். எனவே ஒரே வெனீர் பலகை போதும். அதன் 8 அடி நீளப் போக்கில் முதலில் முன்பக்கத்துக்கு 6 அடிக்கு 18 அங்குலத் துண்டையும், அடுத்து மேல்பக்கத்துக்கு 6 அடிக்கு 16 அங்குலத் துண்டையும் எடுக்க வேண்டும். எஞ்சும் இரண்டடிப் பகுதியில் இரு பக்கங்களும், ரேகை செங்குத்தாக வரும்படி, அமைந்துவிடும். முன்பக்கத் துண்டை வரிசை மாறாமல் மூன்று கதவுகளாக அறுத்தால் ரேகை ஒரு கதவிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து ஓடும். துண்டுகளுக்கு முன்கூட்டியே எண்ணிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

ஒட்டுதலும் மெருகும்

வெள்ளைப் பசையை இரு பரப்புகளிலும் சீராகத் தடவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பின்னர் சமமான பலகையும் பாரமும் வைத்து ஓர் இரவு விடுவர். அறுத்த விளிம்புகள் வழியேதான் ஈரம் மிகுதியாக நுழைகிறது. எனவே எல்லா விளிம்பிலும் தேக்குப் பீடிங் ஒட்டப்படும்.

மேற்பரப்பின் தேக்கு மிக மெல்லியது. இயந்திரத்தால் அழுத்தித் தேய்த்தால் அடிமரம் தெரிந்துவிடும். 180, 240, 320 எண் உப்புத்தாள்களை வரிசையாக, ரேகையின் போக்கில் கையால் தேய்ப்பதே பாதுகாப்பானது. குறுக்குக் கீறல்கள் மெருகிட்டபின் பளிச்சென்று தெரியும். மழை நாளில் மெருகிட்டால் வெண்படலம் படியலாம். எனவே வடகிழக்குப் பருவமழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது.

மரத்தூளையும் ஃபார்மால்டிகைடையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியுள்ளது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் அவசியம். மெருகிட்ட அறையைச் சில நாள் திறந்து வைத்தபிறகே, குறிப்பாகக் குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் வீடுகளில், பயன்படுத்த வேண்டும்.

பொருத்துதலும் பாதுகாப்பும்

செட்டாப் பெட்டியும் ஒலிபெருக்கியும் வெப்பம் வெளியிடும். அவற்றைச் சுற்றி மூன்று அங்குல இடைவெளியும் பின்பலகையில் காற்றுத்துளைகளும் வேண்டும். ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் மரக்கதவை ஊடுருவாது. எனவே அப்பகுதியைத் திறந்தோ கண்ணாடிக் கதவிட்டோ அமைப்பர். குழந்தை பற்றி ஏறினால் கவிழாதபடி, அலமாரியையும் தொலைக்காட்சியையும் சுவருடன் பிணைப்பது இன்றியமையாதது.

வெள்ளமும் கரையானும்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்திலிருந்து எந்தக் காலும் அலமாரியைக் காக்காது. சுவரில் உயரமாகத் தொங்கும் அலமாரிக்குத் தப்பும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஆண்டுதோறும் நேரும் சிறு நீர்க்கசிவிலிருந்தும் தரை துடைக்கும் ஈரத்திலிருந்தும் 4 அங்குல எஃகு அல்லது பி.வி.சி. கால் காப்பாற்றும். அடியில் தெரியும் இடைவெளி கரையான் தடத்தையும் உடனே காட்டிக்கொடுக்கும். சுவருக்கும் பின்பலகைக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டால் சுவரின் ஓதம் மரத்தில் ஏறாது.

பழுது நீக்கல்

வெனீர் ஓரிடத்தில் குமிழ்போல் எழும்பினால் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ரேகையின் போக்கில் கூரிய கத்தியால் மெல்லக் கீறி, உள்ளே பசை செலுத்தி, துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, பாரம் வைத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அறுத்தபின் மிஞ்சிய வெனீர்த் துண்டுகளைத் தாளில் சுற்றி அலமாரியின் உள்தட்டிலேயே வைத்துவிடுவது வழக்கம். பின்னாளில் ஒட்டுப்போட நேர்ந்தால், அதே மரத்தின் நிறமும் ரேகையும் வேறெங்கும் கிடைக்காது.