பார்லர் மாறினால் வாடிக்கையும் கூட வருமா?

என் மதினி ஒரு பியூட்டிஷியன். சங்கரன்கோவிலில் ஒரு பார்லரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து விலகி ராயகிரியில் வீட்டின் முன்னறையைத் தனி ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டார். ஒரு நாற்காலி, பெரிய கண்ணாடி, ஃபேஷியல் பெட், ஸ்டீமர், ஒரு இன்வர்ட்டர். நகையை அடகு வைத்துத்தான் இவ்வளவும். “என் கைக்குன்னே வர்றவங்க அம்பது பேராவது இருக்காங்க, பாத்துக்கலாம்” என்று தைரியமாக இருந்தார். முதல் மாதம் அதில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து சிவகிரியில் ஒரு கல்யாண வீட்டில், பழைய வாடிக்கையாளரான ஒரு டீச்சர் மதினியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ பிள்ள, எங்க போய்ட்ட நீ? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“இல்ல டீச்சர், மொதலாளியம்மா தப்பா நெனைப்பாங்களோன்னு...”

“அது உனக்கும் அவுகளுக்கும். எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் ரெண்டு தடவ அங்க போயி, நீ லீவுன்னு சொல்லவும் திரும்பி வந்தேன். மூணாவது தடவ, இருக்கிற பிள்ளைட்டயே எடுத்துட்டேன்.”

டீச்சர் மதினியின் வேலையில் குறை கண்டு விலகவில்லை. ராயகிரி தூரம் என்றும் விலகவில்லை. மூன்று தடவைக்குள் அவருடைய பழக்கம் வேறு கைக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். இதைக் கேட்டதிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். கிடைத்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

வாடிக்கை என்றால் பழக்கம்

வாடிக்கை என்ற சொல்லுக்கு வழக்கம் என்றுதான் பொருள். வாடிக்கையாளர் என்பவர் ஒரு பழக்கத்தை வைத்திருப்பவர். பார்லர் விஷயத்தில் அந்தப் பழக்கம் மூன்று இழைகளால் ஆனது: கை, இடம், நேரம். இந்தக் கைதான் என் புருவத்தைச் சரியாக எடுக்கும். இந்தக் கடைக்குத்தான் போவேன். மாசம் ஒரு தடவை போவேன். தனி ஸ்டுடியோவுக்குப் போகும் பியூட்டிஷியன் கையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். இடம் அறுந்துவிடுகிறது. நேரம் கொஞ்ச நாள் தொங்கலில் நிற்கிறது. அதற்குள் முடிச்சுப் போடவில்லை என்றால் அதுவும் போய்விடும்.

யாருடைய வாடிக்கை?

மதினி சொல்லாமல் வந்ததற்குக் காரணம் பயம். “அங்க வந்தவங்கள நான் கூப்பிட்டா கேஸ் போட்டுருவாங்களோ?” இந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. “வேலையை விட்டபின் இரண்டு வருஷம் இந்த ஊரில் பார்லர் வைக்கக் கூடாது” என்று எழுதி வாங்கியிருந்தாலும் நம் நாட்டில் அது பொதுவாக நிற்காது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கோலிகரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் சம்பளம் வாங்கிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே வாடிக்கையாளர்களுக்கு ரகசியமாகச் செய்வது சிக்கலை இழுத்துக்கொள்ளும் வேலை. பார்ட்னராக இருந்து, கடையை நற்பெயரோடு சேர்த்து விற்றுவிட்டு வந்தாலும் கணக்கு வேறு. 27-வது பிரிவே அதற்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. வாங்கியவர் நியாயமான எல்லைக்குள் தடை போடலாம்.

வாடிக்கையாளர் பட்டியல் பற்றி டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகள் உதவும். 1995-இல் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கு. தபால் மூலம் பொருள் விற்கும் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு போன பழைய ஊழியருக்கு நீதிமன்றம் தடை போட்டது. உழைத்துத் தொகுத்த பட்டியலுக்குக் காப்புரிமை உண்டு என்றது. 2006-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தன் ஊழியர் ஒருவர் மீது போட்ட வழக்கில், வாடிக்கையாளர் விவரம் தெரியும் என்பதற்காக ஒருவர் நல்ல வேலை தேடிப் போவதைத் தடுக்க முடியாது என்று தடை கொடுக்க மறுத்தது.

இரண்டையும் சேர்த்து, பார்லருக்கு நான் புரிந்துகொண்டது இது. கடையின் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு வராதீர்கள். கடை கம்ப்யூட்டரில் இருக்கும் நம்பர்களையும், கடை கணக்கில் போட்ட மணப்பெண் படங்களையும் எடுக்காதீர்கள். டீச்சருக்கு வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, அங்கே நூலை மெதுவாகப் போடணும் என்று உங்கள் நினைவில் இருக்கிறதே, அது உங்களோடது. டீச்சரே தன் நம்பரை உங்கள் போனில் பதிந்துகொடுத்திருந்தால் அவரிடம் சொல்லவும் தடையில்லை. எழுத்தில் ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

இடம்: ஒரு பஸ்ஸில் நாலு வேலை

சங்கரன்கோவிலுக்கு யாரும் பார்லருக்காக மட்டும் வருவதில்லை. ஜவுளி எடுக்க, நகைக் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோமதியம்மன் கோயிலுக்கு என்று வருவார்கள். வந்த இடத்தில் ஐப்ரோவும் எடுத்துக்கொள்வார்கள். ராயகிரி ஒரு பேரூராட்சி. இங்கே ஸ்டுடியோவுக்கு வருவதென்றால், வெளியூர்க்காரருக்கு அது ஒன்றுதான் வேலை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் காசு பெரிய தடையல்ல. தடை, அரை நாள்.

அதனால் பழைய வாடிக்கையாளர்களை மதினி இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறார். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் முதல் வகை. இவர்களுக்கு ஸ்டுடியோ பக்கமாக வந்திருக்கிறது. தகவல் சொன்னால் போதும். சங்கரன்கோவிலிலேயே குடியிருப்பவர்கள் இரண்டாம் வகை. மாசாமாசம் த்ரெட்டிங்குக்கு இவர்களை எதிர்பார்ப்பது வீண். ஆனால் கல்யாண மேக்கப்புக்கு அந்தக் கையைத்தான் தேடுவார்கள், அதற்கு மதினி அவர்கள் வீட்டுக்கே போய்விடலாம். எல்லாரையும் தக்கவைக்கப் பார்த்ததில்தான் முதல் இரண்டு மாதம் வீணாகப் போனது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைத்தெருப் பார்லர் பொது இடம், யாரும் ஏறலாம். வீடு அப்படியல்ல. எந்தத் தெரு, யார் வீடு, உள்ளே ஆம்பளைகள் இருப்பார்களா என்ற கேள்விகள் வரும். நம்ம பக்கத்தில் ‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்குள் சாதியும் ஒளிந்திருக்கும். இதை ஒரு போர்டு மாட்டித் தீர்த்துவிட முடியாது. செய்யக்கூடியவை சின்னச் சின்னவைதான். ஸ்டுடியோவுக்குத் தெருவிலிருந்தே தனி வாசல். வீட்டுக்குள் போகும் கதவுக்கு எப்போதும் தாழ்ப்பாள். எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே டம்ளர், ஒரே விலைப் பலகை. அண்ணனிடம் வேலை நேரத்தில் முன்பக்கம் வரக் கூடாது என்று மதினி கறாராகச் சொல்லிவிட்டார்.

இதிலேயே ஒரு லாபமும் இருக்கிறது. முடி கொட்டுகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்று சங்கடப்படும் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கடையில் வாய் திறக்க மாட்டார்கள். ஒரே நாற்காலி உள்ள அறையில் பேசுவார்கள். ஷானாஸ் ஹுசேன் 1970-களின் தொடக்கத்தில் டெல்லியில் தன் வீட்டு வராந்தாவில்தான் தொழிலை ஆரம்பித்தார். வீட்டில் நடப்பதால் தொழில் சின்னதாகிவிடாது.

நேரம்: புருவம் காத்திருக்காது

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒரு முடியின் வளர்ச்சிப் பருவம் தலையில் பல வருஷம். புருவத்திலோ சில வாரங்கள்தான். அதனால் புருவம் மூன்று, நாலு வாரத்தில் கலைந்து தெரியும். சாயம் போட்ட தலையில் நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் வெளுத்துவிடும். அடுத்த சுற்று வரும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை என்றால், வேறு கை வேலையைச் செய்துவிடும். டீச்சர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

ஆகவே மாறிய முதல் மாதத்தை வைத்து யார் போனார், யார் நின்றார் என்று முடிவு கட்டாதீர்கள். த்ரெட்டிங்குக்கு வருபவர் என்றால் எட்டு வாரம், சாயத்துக்கு வருபவர் என்றால் மூணு மாசம் பாருங்கள். இரண்டு சுற்று தாண்டியும் வராதவரிடம் ஒரே ஒரு தடவை விசாரிக்கலாம். அதற்கு மேல் துரத்தினால் அவருக்கும் சங்கடம்.

எப்போது மாறுவது? ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மணப்பெண் வேலை இருக்காது, மாறுவதற்கு வசதியான மாதம். ஆனால் ஆடியில் கடை திறந்தால் ஊர் பேசும். ஒரு வழி உண்டு. ஆடியில் சத்தமில்லாமல் வேலைகளை முடித்துவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சலாம்.

எப்படிச் சொல்வது

முதலில் முதலாளியிடம். மற்றவர் வாயால் அவர் கேள்விப்படக் கூடாது. முன்பணம் கொடுத்துத் தேதி வாங்கிய மணப்பெண்கள் கடையின் வாடிக்கை. அவர்களை யார் செய்வது என்று முதலாளியோடு பேசித் தீர்த்துவிட்டு வர வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெண்ணை நடுவில் நிறுத்துவது பாவம்.

பிறகு வாடிக்கையாளர்களிடம், தனித்தனியாக. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை: உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். மதினி எல்லாருக்கும் அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்குப் போகவே இல்லை. செய்தியும் சுருக்கமாக இருக்கட்டும். எங்கே, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கி எப்படி வருவது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, போன் செய்துவிட்டு வர வேண்டுமா. பழைய கடையைப் பற்றி ஒரு சொல் வேண்டாம்.

விலையைக் குறைத்து ஆள் பிடிக்கலாமா? நான் வேண்டாம் என்பேன். பெரிய பார்லரின் விலையில் வாடகையும் வரியும் சேர்ந்திருக்கும். அழகு நிலையச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் ஒற்றை ஆள் ஸ்டுடியோவுக்குப் பதிவே தேவையில்லை. ஆகவே பழைய விலையையே வைத்தாலும் கையில் கூடுதலாக நிற்கும். பாதி விலைக்கு வந்தவர், விலை ஏறிய அன்று போய்விடுவார். அந்தக் காசில் புது நூலும் சுத்தமான துண்டும் ஆளுக்கு ஒன்று வைக்கலாம்.

மதினி இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். பெயர், கடைசியாக வந்த தேதி, அடுத்த சுற்று எப்போது, தழும்பு அல்லது அலர்ஜி ஏதாவது உண்டா. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. பழைய ஐம்பது பேரில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. ஆனால் சங்கரன்கோவில் பக்கமே போகாத ராயகிரிப் பெண்கள் புதிதாக வர ஆரம்பித்திருக்கிறார்கள். டீச்சர் போன மாதம் வந்தார். புருவம் எடுத்து முடித்துக் கண்ணாடி பார்த்துவிட்டு, “அடுத்த தடவ எங்கயாச்சும் போறதா இருந்தா சொல்லிட்டுப் போ” என்றாராம்.