விளக்கு எரியாத பழைய கிராபிக்ஸ் அட்டை



தோட்டத்திலிருந்து ஓர் அம்மா ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்துப் பார்த்தால், இரண்டு விசிறி வைத்த கிராபிக்ஸ் அட்டை. "மகன் இதை 300 வெள்ளி கொடுத்து வாங்கிட்டு வந்தான் தம்பி. வித்தவன் காட்டுன படத்துல விளக்கு பளபளன்னு எரியுது. வீட்டுல மாட்டினா எரியவே இல்லை. ஏமாந்துட்டோம்னு பையன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை" என்றார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "கணினியில் படம் தெரிகிறதா அம்மா?"

"படமெல்லாம் நல்லாத்தான் தெரியுது."

"அப்படியானால் உங்கள் 300 வெள்ளி எங்கேயும் போய்விடவில்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

கிராபிக்ஸ் அட்டை என்பது கணினிக்குள் இருந்துகொண்டு, திரையில் தெரிய வேண்டிய படத்தைக் கணக்கிட்டு அனுப்பும் பலகை. படம் வரைகிற பிள்ளைகளுக்கும், வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், விளையாடுகிறவர்களுக்கும் இது வேண்டும். புதியது விலை அதிகம் என்பதால் நம் பிள்ளைகள் பழையதைத் தேடுகிறார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னாணயத்தின் கணக்கு முறை மாறி, அதற்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த அட்டைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவையும் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த அட்டைகளில் விளக்கை வேண்டுமென்றே அணைத்து வைத்தவர்களும் உண்டு. கழற்றிப் பிரித்துப் பசை மாற்றியவர்களும் உண்டு. இது பின்னால் உதவும், நினைவில் வையுங்கள்.

அட்டையின் ஓரத்தில் எரியும் வண்ண விளக்கு வெறும் அலங்காரம். தீபாவளிக்கு வாசலில் கட்டிய விளக்குச்சரம் அணைந்து போனால் அடுப்பில் சோறு வேகாமல் போய்விடுமா? அதுபோலத்தான். இந்த விளக்கைச் சரிசெய்யப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அட்டையையே கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விளக்கு மட்டும் அலங்காரம் அல்ல. சில அட்டைகளில், மின்சாரப் பிளக் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு இருக்கும். அது எரிந்தால் பிளக்கைச் செருகவில்லை, அல்லது சரியாகப் பதியவில்லை என்று பொருள். மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையின் துளை வழியாக அட்டைக்குக் கிடைப்பது 75 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டியதைத் தனிப் பிளக் கொடுக்கிறது: ஆறு முனைப் பிளக் 75 வாட், எட்டு முனைப் பிளக் 150 வாட். எனவே முதலில் கணினியை அணைத்து, 'டக்' என்று கொக்கி விழும் வரை அந்தப் பிளக்கை அழுத்துங்கள். பாதி பதிந்த பிளக் சூடேறி உருகவும் கூடும்.

அடுத்தது, திருப்புளியை எடுக்காமலே பார்க்க வேண்டிய இடம்: மென்பொருள். விளக்கின் நிறத்தையும் ஓட்டத்தையும் அட்டை செய்த நிறுவனத்தின் மென்பொருள்தான் ஆள்கிறது. அசூஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. முந்தைய சொந்தக்காரர் 'அணை' என்று வைத்திருந்தால், பல அட்டைகள் அந்தக் கட்டளையைத் தம் சிறு நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். வேறு கணினிக்கு மாற்றினாலும் அது மறக்காது. அந்த நிறுவனத்தின் மென்பொருளை அதன் சொந்த இணையத் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டு, ஓடாத ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விளக்கு மென்பொருள்களை ஒன்றாக வைத்தால் ஒன்றின் கட்டளையை மற்றொன்று கெடுக்கும். ஒரே மாட்டுக்கு இரண்டு பேர் கயிறு பிடித்த கதைதான். விளக்கே வைக்காமல் செய்த மலிவு மாதிரிகளும் உண்டு. விற்றவர் காட்டிய படம் அதே மாதிரியின் படம்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் நிறம் தப்பாக வருகிறது என்றால், அதிலேயே நோயின் அடையாளம் இருக்கிறது. ஒவ்வொரு பொட்டு விளக்குக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு விளக்குகள் உண்டு. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. வெள்ளையைக் கேட்டு, பச்சை கலந்த நீலம் வந்தால் சிவப்பு இறந்துவிட்டது. மஞ்சள் வந்தால் நீலம் இல்லை. ஊதாச் சிவப்பு வந்தால் பச்சை இல்லை. எல்லாப் பொட்டும் ஒரே மாதிரித் தப்பாக எரிந்தால் வயரையோ பிளக்கையோ சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு பொட்டு மட்டும் தப்பென்றால் அந்தப் பொட்டுதான் கெட்டது.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் இவ்வகை விளக்கு 1962இல் வந்தது. பளிச்சென்ற நீலம் கிடைக்க 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீலம் வந்த பிறகுதான் மூன்றும் கூடி எல்லா நிறமும் கிடைத்தது. அந்த நீலத்துக்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா என்ற மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் பினாங்கு பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972 முதலே மின்னணுத் தொழிற்சாலைகள் வேலை தொடங்கின. இந்தப் பொட்டு விளக்குகளைச் செய்த ஆலைகளும் அவற்றில் உண்டு. அந்த ஆலைகளில் நம் பெண்களும் உழைத்திருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான சாமான் அல்ல.

இன்னொரு வகை விளக்குச்சரத்தில் ஒவ்வொரு பொட்டும் தனித்தனி நிறம் காட்டும். அங்கே கட்டளை வரிசையாகப் போகிறது. காலைப் பெரட்டில் மண்டோர் முதல் ஆளிடம் சொல்ல, அவர் தம் வேலையை எடுத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்து ஆளிடம் சொல்ல, இப்படியே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவருக்குக் காது கேட்காவிட்டால் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் சும்மா நிற்பார்கள். அதுபோல ஐந்தாவது பொட்டிலிருந்து கடைசிவரை இருட்டாக இருந்தால், எல்லாம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். குற்றம் ஐந்தாவதில் இருக்கலாம். அல்லது தான் மட்டும் எரிந்துவிட்டுச் செய்தியைக் கடத்தாத நான்காவதில் இருக்கலாம்.

இவ்வளவு பார்த்தும் எரியவில்லை என்றால் அட்டையைக் கழற்றலாம். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்பீர்கள். கணினி அணைந்திருந்தாலும் தாய்ப்பலகையில் 5 வோல்ட் மின்சாரம் காத்துக்கொண்டே இருக்கும். பிடுங்கிய பின் கணினியின் பொத்தானைச் சில வினாடி அழுத்தி மிச்சத்தையும் வடித்துவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னேற்றத்தைப் போக்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சுவர் மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கியெறியும் மின்சாரம் அதற்குள் தங்கியிருக்கும். பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அட்டையின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். விசிறி மூடியிலிருந்து பலகைக்கு, தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த மூன்று நான்கு வயர்கள் ஒரு குட்டிப் பிளக்கில் போய் முடியும். பசை மாற்றியவர்கள் இதைத் திரும்பச் செருக மறந்துவிடுவார்கள், அல்லது பாதி செருகி மூடிவிடுவார்கள். நான் பார்த்த விளக்குக் கோளாறுகளில் இதுதான் அதிகம். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சாத்தே குச்சியால் பிளக்கை மட்டும் தள்ளுங்கள். கை எட்டாவிட்டால் விசிறி மூடியின் திருகாணிகளைக் கழற்றலாம். ஆனால் பலகையின் பின்புறம், நடுவில், ஸ்பிரிங் வைத்த நான்கு திருகாணிகள் இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். அவைதான் சூட்டை வாங்கும் உலோகத்தைச் சிப்பின்மேல் அழுத்திப் பிடிக்கின்றன. தளர்த்தினால் வெப்பப் பசையைப் புதிதாகப் பூச வேண்டி வரும்.

நம் ஊர் ஈரக் காற்றில் செம்பு முனைகளில் பச்சை பூக்கும். எறும்பு கூடு கட்டும், பல்லி எச்சமிடும். பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல் துலக்கியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகாது.

அறுந்த வயரை ஈயம் வைத்து ஒட்டத் தெரிந்தவர் ஒட்டலாம். பலகையிலேயே பதிந்த பொட்டை மாற்றுவது வீட்டு வேலை அல்ல. சிலர் தனியாக விளக்குச்சரம் வாங்கித் தாய்ப்பலகையில் செருகுவார்கள். அங்கே கவனம் வேண்டும். நான்கு முனைத் துளை 12 வோல்ட். மூன்று முனைத் துளை 5 வோல்ட். 5 வோல்ட் சரத்தை 12 வோல்ட்டில் கொடுத்தால் செருகிய அந்த நொடியே கருகிவிடும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று: விற்பவர் முன்னிலையில் அட்டையை மாட்டச் சொல்லி, கால் மணி நேரமாவது விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். படத்தில் கோடு விழுகிறதா, விசிறி சுற்றுகிறதா என்பதுதான் முக்கியம். அவை நன்றாக இருந்து விளக்கு மட்டும் எரியாவிட்டால், அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அந்த அம்மா கொண்டு வந்த அட்டையிலும் குட்டிப் பிளக் பாதிதான் செருகியிருந்தது. அழுத்திவிட்டு மாட்டினேன், எரிந்தது. வரிசையில் கடைசி மூன்று பொட்டு மட்டும் எரியவில்லை. கடைக்குக் கொடுத்தால் அதையும் மாற்றலாம் என்றேன். மகனைத் திரும்பிப் பார்த்தார். "வேணாம்மா, இது போதும்" என்றான் பையன். அதே செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள்.