எடையற்ற வெளியில் ஓட்டம்

மேரு பள்ளித் திடலில் ஓடும் மாணவன் ஒவ்வோர் அடியிலும் தன் எடையைக் காலில் தாங்குகிறான். அச்சுமையே எலும்புக்கும் தசைக்கும் உரம் தருகிறது. விண்வெளியில் வாழ்வோர்க்கு அந்நன்மை கிட்டுவதில்லை.

அங்கே புவியீர்ப்பு இல்லையென்று பலர் காரணம் கூறுவர். அது பிழை. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் தரையிலுள்ள ஈர்ப்பில் 100க்கு 90 பங்களவு உண்டு. நிலையமும் அதிலுள்ளோரும் பூமியைச் சுற்றியவாறே ஒருங்கே விழுந்துகொண்டிருப்பதால் எடை உணரப்படுவதில்லை. ஆகவே, ‘ஈர்ப்பின்மை’ என்னாது ‘எடையின்மை’ என்று கற்பித்தலே பொருந்தும்.

தக்க பயிற்சி இல்லையேல், உடலைத் தாங்கும் எலும்புகள் மாதந்தோறும் 100க்கு ஒரு பங்களவு அடர்த்தி குன்றும். அதைத் தடுக்க விண்வெளி வீரர் நாள்தோறும் சுமார் 2 மணி நேரம் தேகப்பயிற்சி செய்கின்றனர். ஓடுபொறியில் மிதந்து போகாதிருக்கத் தோளிலும் இடுப்பிலும் வார் பூட்டுவர். மீள்விசைக் கயிறுகள் அவர்களைக் கீழ்நோக்கி இழுக்கும். சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரல் 16ஆம் நாள் இவ்வாறே பாஸ்டன் மராத்தான் தூரத்தைச் சுமார் 4 மணி 24 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

மலேசிய விண்வெளி வீரர் தேர்விலும் ஓட்டம் ஒரு சோதனையாக இருந்தது. 2006இல் இறுதி நால்வருள் ஒரே பெண்ணாக நின்றவர் வனஜா சிவா. 2007 அக்டோபரில் ஷேக் முஸாபர் விண்வெளி சென்று மீண்டார்.

இதனை விளக்கும் ஆசிரியர், பல வாரம் படுக்கையில் கிடந்த நோயாளியின் கால் மெலிவதை எடுத்துக்காட்டலாம். இரண்டிற்கும் காரணம் ஒன்றே: கால் எடை தாங்கவில்லை.